மூன்று மேயர்கள், ஒரு கடிதம்

அந்தத் தொழிற்சாலைக்காரர் கேட்டது ஒரே ஒரு கடிதம். அதைக் கொடுக்க மூன்று மேயர்களுக்கு வக்கில்லாமல் போயிற்று. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எண்பதுகளில் ஆக்லாந்து நகரம் துண்டு துண்டாகக் கிடந்தது, துண்டுக்கொரு மேயர், கவுன்சில். அதில் ஒன்றில் நான் டைப்பிஸ்ட். வேலைவாய்ப்பைப் பெருக்கவென்று பக்கத்துக் கவுன்சில்கள் இரண்டோடு சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்திருந்தார்கள். உணவை டின்னில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்று வருவதாக இருந்தது. நிலம் எங்களுடையது, தண்ணீர் அடுத்தவருடையது, ரோடு மூன்றாமவருடையது. மூன்றையும் தருகிறோம் என்று மூன்று மேயர்களும் ஒரே தாளில் கையெழுத்திட்டு, மாத முடிவுக்குள் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான்.

நகரின் ஒனிஹங்கா பகுதியில் என் கணவர் வேலை செய்த பட்டறையை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. மெஷின் வேலையில் கைதேர்ந்தவர். இந்தத் தொழிற்சாலையும் வராவிட்டால் வேலை தேடித் தனியாக சிட்னிக்குப் போவதென்று முடிவெடுத்திருந்தார்.

கடிதத்தில் யார் பெயர் முதலில் வருவது என்று சண்டை தொடங்கியது. கல்யாணக் கார்டில் பெரியப்பா பெயரைக் கீழே போட்டுவிட்டார்கள் என்று முறுக்கிக்கொண்டு பந்திக்கு வராதவர்களை நான் ஊரில் பார்த்திருக்கிறேன். கோட்டும் டையும் போட்டவர்களும் அதே ரகம்தான். நிலம் தருபவர் முதலில் என்றார் எங்கள் மேயர். ஆகப் பழைய கவுன்சில் முதலில் என்றார் அடுத்தவர். அகரவரிசையில் போடலாமே என்று நானும் வாயைத் திறந்தேன். அப்படிப் போட்டதும், கடைசியில் வந்த மூன்றாமவர் கடிதத்தைத் திருப்பி அனுப்பினார். ஏழு முறை டைப் செய்தேன்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் கணவர் கேட்பார்.

"இண்டைக்காவது அனுப்பிட்டினமோ?"

"இல்லையப்பா. இன்னும் ஒருத்தர் கையெழுத்து வைக்கேல்லை."

"அப்ப நான் டிக்கெட்டை விசாரிக்கட்டே?"

"கொஞ்சம் பொறுங்கோ."

பொறுக்கச் சொன்னது நான்தான். மாதம் முடிந்தது. தொழிற்சாலை வேறு ஊருக்குப் போய்விட்டது.

அடுத்த வாரம் குழு கூடியது. தேநீர், பிஸ்கட், சிரிப்பு. ஒருவர் முகத்திலும் வெட்கமில்லை. கூட்டம் முடிந்ததும் தலைமை எழுத்தர் கூட்டக் குறிப்பை டைப் செய்ய என்னிடம் நீட்டினார். மூன்று கவுன்சில்களின் ஒத்துழைப்பு மிகத் திருப்தியாக இருந்தது என்று அதில் எழுதியிருந்தது.

கணவர் விமானம் ஏற நான்கு நாள் இருந்தது. தாளைக் கசக்கி அந்த மனிதரின் மேசையில் எறியக் கை துடித்தது. ஆனால் வீட்டில் மிஞ்சியிருந்தது என் சம்பளம் ஒன்றுதான். டைப் செய்து கொடுத்தேன்.

அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார். நான் நன்றி சொன்னேன்.