கை நிறைய வண்ணத்துப்பூச்சிகள்

எங்கள் வண்ணத்துப்பூச்சிக் கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. உப்புக்கை என்றுதான் சொல்வோம். கண்ணாடிக் கூரைக்குக் கீழே செடிகளுக்குத் தண்ணீர் விடுவது, பழத்தட்டு மாற்றுவது, புழுக்களுக்கு இலை பறித்துப் போடுவது எல்லாம் அவர் வேலை. வாசலில் டிக்கெட் கிழிப்பது நான். அவரைவிட மூத்தவள், வாயும் கொஞ்சம் நீளம். அதனால் அக்கா அக்கா என்று மரியாதையாகவே தள்ளி நிற்பார்.

அந்த மனிதருக்கு வியர்வை என்றால் அப்படி ஒரு வியர்வை. உள்ளே எப்போதும் புழுக்கம் வேறு. வேலை தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிடும், காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழும். இந்தச் சட்டையைத் துவைப்பதற்கே தனிச் சம்பளம் தரவேண்டும் என்று அவர் மனைவி அலுத்துக்கொள்வாள். அவள் அலுத்துக்கொண்ட அதே வியர்வைக்குத்தான் பூச்சிகள் ஆலாய்ப் பறந்தன. பூவில் இருப்பது இனிப்பு, பறப்பதற்கு அது போதும். உப்பு பூவிலும் கிடையாது, இலையிலும் இல்லாத குறைதான். ஆண் பூச்சி ஈர மண்ணிலோ வியர்வையிலோ உப்பை உறிஞ்சி உறிஞ்சிச் சேர்த்துவைத்து, கூடும்போது பெண்ணிடம் கொடுத்துவிடும். பெண் அதை முட்டைக்குக் கொடுக்கும். பெண்டாட்டியைப் பார்க்க வெறுங்கையோடு போகாத புருஷன்மார் என்று நான் கேலி செய்வேன். என் மற்ற கேலிக்கெல்லாம் சிரிப்பவர், அதற்கு மட்டும் சிரிக்கமாட்டார்.

மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கேதான் ஓடி வருவாள். அப்பா கையை நீட்டினால் தோள்வரை பூச்சிகள் வந்து உட்காரும். அப்பா ஏதோ மந்திரம் போடுகிறார் என்றே நம்பினாள். அவரும் அந்த நம்பிக்கையைக் கெடுக்கவில்லை. பிறகு புருஷன் பெண்டாட்டிக்குள் ஒத்துவரவில்லை. யார்மேல் தப்பு என்று என்னைக் கேட்டால் இரண்டு பேர்மேலும் என்பேன். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அதிலிருந்து மகள் போனில் மட்டும்தான். சாப்பாடு, பரீட்சை, சரிப்பா, வச்சிடறேன்ப்பா. அவள் வைத்த பிறகும் இவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நிற்பார்.

இதற்கு நடுவில் முட்டைகள் சரியாகப் பொரியவில்லை. உப்பு போதவில்லை என்று மேற்பார்வையாளர் அகலமான தட்டில் மணலைப் பரப்பி உப்புத் தண்ணீர் ஊற்றி வைத்தார். பூச்சிக் கூட்டம் முழுக்க அங்கே போய் மொய்த்தது. வேண்டிய உப்பு தட்டிலேயே கிடைத்தபின் வியர்வை யாருக்கு வேண்டும்? அதுவரை தேடித் தேடி வந்த பூச்சிகள் அவர் கைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முட்டை பொரிகிறதே, அதுதானே முக்கியம் என்றார் உப்புக்கை. சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது கையை நீட்டிப் பார்ப்பார். நான் பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் மகள் வருவதாகச் சேதி வந்தது. அம்மாவும் அவளும் ஏதோ வேலையாக இந்த வழியே போகிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் இறங்குவாளாம். மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை. புதன்கிழமை போய்ப் பார்த்தால் உப்புத்தட்டைக் காணோம், பின்கட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வாயில்லாத ஜீவன்கள் வாயில் மண்ணைப் போட்டாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று பிடித்து வாங்கினேன்.

"நாலு நாள்தான்க்கா," என்றார். "அவ ஒரு தடவ பாக்கட்டும்."

மேற்பார்வையாளர் காதில் போடாமல் நான் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டி வந்து நின்றது. அம்மா இறங்கவில்லை. மகள் மட்டும் வந்தாள். அப்பா உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கவுண்டரைச் சாத்திவிட்டு அவள் பின்னாலேயே உள்ளே போய் ஒரு செடியோரம் நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் முன்கூட்டியே இரண்டு கைகளையும் விரித்துத் தயாராக நின்றிருந்தார். நாலு நாள் உப்புக்குக் காய்ந்த பூச்சிகள் விரல் நுனியிலிருந்து கழுத்துவரை அப்பிக்கிடந்தன. மகள் பார்த்துச் சிரித்தாள். இன்னும் வருகிறதா என்று கேட்டாள். அவருக்கு அது போதவில்லை. இதோ நீலம் பார், முழங்கையில் புதுசாக ஒன்று பார், அசையாதே, பறந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண் முழுக்கக் கையில்தான். அவளோ பூச்சிகளைக் கொஞ்சமும் அவர் முகத்தை நிறையவும் பார்த்தாள்.

"உப்புக்குத்தானப்பா வருதுங்க. படிச்சிருக்கேன்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் இதப் பாக்க வரலப்பா," என்றாள். "உங்களப் பாக்கணும்போல இருந்துச்சு."

வேறு எந்த அப்பாவாக இருந்தாலும் கையை உதறிவிட்டுக் கட்டிப் பிடித்திருப்பார். இவர் உதறவில்லை. உதறினால் சிறகு முறியும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி அவருக்கு உதறவே வராமல் போய்விட்டது. விரித்த கை விரித்தபடியே நின்றார். வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மறுபடி ஹாரன். மடங்கிக் கிடந்த அவர் காலரை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டு, வரேன்ப்பா என்று கிளம்பினாள்.

கதவு சாத்திய பிறகுதான் அவருக்கு உயிர் வந்தது. ஒவ்வொன்றாக எடுத்து இலையில் விட்டுக்கொண்டே ஓடினார். எங்கள் கூடத்துக்கு இரண்டு கதவு, நடுவில் ஒரு சின்ன அறை. உடம்பில் பூச்சி ஒட்டியிருந்தால் வெளிக்கதவைத் திறக்கக்கூடாது. அந்த அறையில் நின்று முதுகில் இருந்ததையெல்லாம் நான் எடுத்தேன். வெளியே வந்தபோது தெரு காலியாக இருந்தது.

அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து நானே மகளுக்குப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி நீட்டினேன்.

"என்னப்பா?"

"உன்னப் பாக்கணும்போல இருக்கும்மா."

அவள் சிரித்தாள். "இப்பத்தானப்பா பாத்தீங்க?"

"இல்லம்மா," என்றார். "பாக்கல."