ஒரே துளி, இரண்டு தட்டு

ஆய்வகத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர். மூக்குக்கண்ணாடியை இன்குபேட்டருக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு நாள் தேடியவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பதினாறு வருடமாகப் புற்றுநோய்ச் செல்களைத் தட்டில் வளர்க்கும் வேலை.

ஒருநாள் ஆய்வகத் தலைவி மேடம் ஒரு குப்பி புரதம் கொடுத்தார். வளர்வதா நிற்பதா என்று செல்லுக்குச் சேதி சொல்லும் புரதம். ஆரம்பக் கட்டிச் செல்கள் இருந்த தட்டில் அதை விட்டார் அவசரம். நான்காம் நாள் பார்த்தால் வளர்ச்சி நின்றுபோயிருந்தது. சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை அவருக்கு. மார்பில் கட்டி என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டிருந்த அக்காவுக்கு உடனே போன் போட்டார்.

"அக்கா, கவலையே படாதே. மருந்து எங்க லேப்லயே இருக்கு. என் கையாலயே ஊத்தினேன், அப்படியே நின்னுடுச்சு!"

அடுத்த வாரம் அதே புரதத்தை, முற்றிப் பரவிய நோயிலிருந்து எடுத்த செல்களுக்கு விட்டார். அவை நிற்கவில்லை, நீண்டு, நெளிந்து, செல்கள் நகர்கின்றனவா என்று பார்க்கத் தட்டில் கீறிவிட்டிருந்த காலி இடத்துக்குள் ஊர்ந்தன.

லேபிளை மாற்றி ஒட்டித் தொலைத்துவிட்டோம் என்று முடிவுகட்டினார். அவர் சரித்திரம் தெரிந்த யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். யாருக்கும் தெரியாமல் மூன்று முறை திரும்பச் செய்தார். மூன்றாம் முறை லேபிளை வாய்விட்டு வாசித்து வாசித்து ஒட்டினார். அப்போதும் அதே ஊர்வலம்.

கடைசியில் மேடத்திடம் போய் நின்றார். "மன்னிச்சிடுங்க மேடம், தட்டை மாத்திட்டேன் போலிருக்கு."

"நீங்க எதையும் மாத்தலை. ஆரம்பத்துல இந்த சிக்னல் வந்தா செல் வளர்றதை நிறுத்திக்கும். முத்தின செல்லுல அந்த பிரேக் அறுந்திருக்கும். அது இதே சிக்னலை வெச்சுக்கிட்டுப் பரவ ஆரம்பிச்சிடும்."

"அப்ப இது மருந்து இல்லையா?"

"மருந்துன்னு யார் சொன்னா?"

சொன்ன ஆள் தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார். மூன்று முறை செய்து பார்த்த பொறுமையை மேடம் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். பயத்துக்கு அப்படியும் ஒரு பெயர் உண்டென்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனார். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் வாசற்படியிலேயே மறந்துவிட்டன.

"அக்கா, அன்னைக்கு நான் சொன்னது..."

"மருந்தா? நீ போனை வெச்சதுமே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டேன்டா. உன் பேச்சை நம்பி உட்கார்ற அளவுக்கு எனக்கு இன்னும் முத்தலை."

அவர் சிரித்தார். கண்தான் கேட்கவில்லை, தன்பாட்டுக்கு வழிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம் என்றார் டாக்டர். கண் விழித்த அக்கா, நர்ஸிடம் பெருமையாக, "இவன் என் தம்பி, விஞ்ஞானி" என்றாள்.

"அதெல்லாம் இல்லீங்க, லேப்ல தட்டைப் பார்த்துக்கறவன்" என்று அவசரமாகத் திருத்தினார் தம்பி.