ஐந்தாவது பிரதிநிதியும் ஒன்பது வாக்குச்சீட்டுகளும்

தலையில் டை பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் அது பிடிக்கும்வரை எழுந்து போக முடியாது. அதனால் அரசியல் விவாதத்துக்கு முடி அலங்காரக் கடையைவிடத் தோதான இடம் உலகத்தில் கிடையாது. என்னைப் போலக் கத்திரிக்கோல் பிடித்துப் பிழைக்கும் சகோதர சகோதரிகளே, நீங்களும் இந்தத் துன்பத்தை அனுபவித்திருப்பீர்கள். அவர்களுக்கு வாய் ஓயாது, நமக்குக் கை ஓயக் கூடாது.

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் ஒரேத்தோப் பக்கம் என் கடை. பெண்களுக்கு மட்டும். இரண்டு கதிரை, ஒரு ட்ரையர், மூலையில் மாதா படம். வருகிறவர்களில் பாதிப் பேர் மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பகுதி என்று எங்கள் ஆட்கள். மீதிப் பேர் இத்தாலிக்காரிகள். அண்மையில் இங்குள்ள ஒரு கட்சி தன் தலைவரைத் தெரிவுசெய்ய உட்கட்சித் தேர்தல் வைத்தது. பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, உள்ள வெளிநாட்டவரும் வாக்களிக்கலாம் என்றார்கள். வந்தது வினை. அந்த நாட்களில் என் கடையில் நடந்தவற்றைத்தான் எழுதுகிறேன். இத்தாலிக்காரிகள் பேசியதை எழுத்துத் தமிழில் தருகிறேன். அவர்களுக்கு யாழ்ப்பாணத் தமிழ் வராததற்கு நான் பொறுப்பில்லை.

ஒரே வீட்டில் இரு வேட்பாளர்கள்

ஸ்டெல்லா மன்னார்ப் பிள்ளை. பணக்காரப் பகுதியான லிபெர்த்தாவில் ஒரு பெரிய வீட்டில், சினியோரா, அதாவது திருமதி, அத்ரியானாவின் வயதான அம்மாவைப் பராமரிக்கிறாள். சினியோராவை என் கடைக்கு முதலில் கூட்டி வந்தவளும் அவள்தான். லிபெர்த்தாவின் பளபளப்பான சலூன்களை விட்டுவிட்டு இங்கே வருவதைச் சினியோரா தன் தோழிகளிடம் சொல்வதில்லை. நானும் சொல்வதில்லை.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால், ரோமில் நடக்கும் மாநாட்டுக்குப் போக ஒரு அணி. இரண்டு அணிகளும் வாங்கும் வாக்குகளைப் பொறுத்து எங்கள் பகுதியிலிருந்து ஐந்து பிரதிநிதிகள் போவார்கள். ஒரு அணியில் மூன்றாவது ஆள் சினியோரா அத்ரியானா. அவர் பரம்பரைக் கட்சிக்காரி. மற்ற அணியில் மூன்றாவது ஆள் ஸ்டெல்லா. இது சினியோராவுக்குத் தெரியாது. அவருடைய தலை முழுக்க நான் டை பூசி முடித்த பிறகுதான் ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். நேரம் பார்த்துச் சொன்ன அந்தச் சாமர்த்தியத்தை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன்.

பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்துவிட்டு எங்கள் சனம் ஒரு ரசீதோடு மாதக்கணக்கில் காத்திருக்கிறது, அந்த ரசீதை வீட்டுக்காரனும் நம்புவதில்லை வங்கியும் நம்புவதில்லை, தனக்கே இரண்டு வாடகை வீடுகள் அதனால் கைநழுவிப் போயின, இதை ஒருமுறையாவது மேடையில் ஏறிச் சொல்ல வேண்டும் என்றாள். சினியோரா கண்ணாடி வழியாக அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கோபக்காரி இல்லை. ஆனால் வீட்டுக்கணக்கு முதலில் ஓடும் மூளை அவருடையது. "நல்லது ஸ்டெல்லா. நீ வென்று ரோமுக்குப் போனால், அன்றைக்கு என் அம்மாவுக்கு யார் சாப்பாடு கொடுப்பது?"

றெஜினாவின் பிரச்சாரம்

றெஜினா ஊர்காவற்றுறைக்காரி. எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் அவள் குரல்தான் மேலே நிற்கும். கீழே இறங்கி நான் கேட்டதில்லை. ஸ்டெல்லாவுக்கு வாக்குச் சேர்க்கும் வேலையை யாரும் கொடுக்காமலே எடுத்துக்கொண்டாள். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பாள். வுச்சீரியாச் சந்தைப் பக்கம் உணவகங்களின் பின்கதவைத் தட்டி, பாத்திரம் கழுவும் பொடியன்களை வெளியே கூப்பிடுவாள். மிச்ச நேரத்தில் என் கடையில் உட்கார்ந்து, கழுவுவதற்காகத் தலையைச் சாய்த்த ஒவ்வொருத்தியிடமும் சம்மதம் வாங்குவாள். கழுத்துவரை தண்ணீர் ஓடும்போது யார்தான் மாட்டேன் என்பார்கள்?

ஒருத்தி மட்டும் தடுமாறினாள். அருள்மேரி முன்பு சினியோரா அத்ரியானா வீட்டில் வேலை செய்தவள். அவளுடைய மகள் கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு வெள்ளைச் சட்டை எடுத்துக் கொடுத்தது சினியோராதான். நன்றி மறக்கிற சனம் இல்லையே நாங்கள். துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "ஸ்டெல்லாவுக்குத்தான் போடுவன், அக்கா. ஆனா சினியோராவின்ர மனமும் நோகக் கூடாது. ரெண்டாவதா அவவுக்கும் ஒரு வோட்டைக் குடுத்தா என்ன?"

பச்சை றோலர்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருமுனைக் கூடாரத்தில் வாக்களிப்பு நடந்தது. திங்கட்கிழமை இத்தாலியில் எங்கள் தொழில்காரருக்கு ஓய்வு. றெஜினாவின் தொலைபேசிக்கு ஓய்வில்லை. செவ்வாய் காலை கடையைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே ஒரு கதிரையில் றெஜினா, மறு கதிரையில் சினியோரா அத்ரியானா. ட்ரையருக்குக் கீழே சினியோரா பினா. இவர் எங்கள் கட்டடத்தின் மேல் மாடியில் இருப்பவர், நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கூடாரத்தில் வாக்கு எண்ணிய கமிட்டியின் தலைவி. தப்பி ஓட எனக்கு வழியே இல்லை.

யாருக்கும் ஒன்றும் விளங்காததால் நான் முடி சுருட்டும் றோலர் ஐந்தை எடுத்து மேசையில் வைத்தேன். சிவப்பு இரண்டு சினியோராவின் அணிக்கு, நீலம் இரண்டு ஸ்டெல்லாவின் அணிக்கு. இதில் சந்தேகமில்லை. ஐந்தாவது பச்சை, வாக்கு கூடிய அணிக்கு அது போகும். அதாவது ரோமுக்குப் போவது ஸ்டெல்லாவா, சினியோராவா? "எங்கள் அணி ஆறு வாக்கு முன்னால் நிற்கிறது. முடிந்தது" என்றார் சினியோரா. "ஒதுக்கி வச்ச ஒன்பது சீட்டு இருக்கு. அதை எண்ணாமல் எப்பிடி முடியும்?" என்று றெஜினா இத்தாலியனில் தொடங்கித் தமிழில் முடித்தாள். ஆறு பெரிதா ஒன்பது பெரிதா என்று இரண்டு பேரும் என் தலைக்கு மேலால் கத்தினார்கள். சினியோரா பச்சையை எடுத்துச் சிவப்போடு வைப்பார். றெஜினா பிடுங்கி நீலத்தோடு வைப்பாள். ட்ரையர் இரைச்சலில் பாதியும் கேட்காத பினா, தலையை வெளியே நீட்டி இரண்டு பேரையும் அதட்டினார்: "நான் எண்ணி முடிக்கும்வரை அந்தப் பச்சை றோலரை யாருடைய தலையிலும் சுற்றக் கூடாது!"

ஒன்றும் இரண்டும்

அந்த ஒன்பது சீட்டுகளில் என்ன பிழை என்று பினாவிடம் கேட்டோம். பெருக்கல் குறி போட வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 1 என்றும் மறு பக்கம் 2 என்றும் எழுதியிருக்கிறதாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தலில் அப்படித்தானே போடுவோம், முதல் விருப்புக்கு ஒன்று, அடுத்ததுக்கு இரண்டு. பழகிய கை. அருள்மேரியின் முகம் ஒருதரம் என் கண்ணில் வந்து போனது. "யார் இப்படி எழுதுவார்கள்?" என்று பினா கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் றெஜினா எழும்பி நின்று நெஞ்சில் தட்டினாள். எங்கள் ஆட்கள்தான், எங்களைத் தவிர இந்த ஊரில் ஒருத்தரும் இப்படிப் போட மாட்டார்கள் என்று அடித்துச் சொன்னாள்.

சினியோரா அத்ரியானா சிரித்தார். வாக்காளரை அடையாளம் காட்டும் குறி இருந்தால் அந்தச் சீட்டுச் செல்லாது என்பது விதியாம். பினாவும் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துத்தான் சினியோராவை அழைத்துப் போக ஸ்டெல்லா உள்ளே வந்தாள். கேட்டவுடன் அவள் முகம் விழுந்துவிட்டது. றெஜினா நெஞ்சில் தட்டிய கையை இறக்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். சினியோரா கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்று திரும்பினார்: "நன்றி, றெஜினா. எங்கள் பக்கத்து வழக்கறிஞர்கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டார்."

பினாவின் தீர்ப்பு

கமிட்டி கூடிய அன்று கடையைப் பூட்டிவிட்டு ஸ்டெல்லா, றெஜினாவோடு நானும் போனேன். சினியோராவின் ஆட்கள் அதே விதியைத்தான் வாசித்தார்கள். இது தமிழருடைய குறி, ஆகவே செல்லாது. பினா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கோயில் சனம் முழுவதையும் காட்டுகிற குறி யாரையும் காட்டாது. இந்தச் சீட்டை எழுதியவர் இன்னார் என்று பெயர் சொல்லத் தெரிந்தவர் சொல்லட்டும்" என்றார். ஒருவரும் சொல்லவில்லை. "ஒன்று இரண்டுக்கு முன்னால் வரும் என்பதில் யாருக்காவது சந்தேகமா?" ஒன்பதும் செல்லும் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

சீட்டுகளை விரித்தார்கள். எட்டில் ஸ்டெல்லாவின் அணிக்கு ஒன்று, சினியோராவின் அணிக்கு இரண்டு. ஒன்பதாவதில் மட்டும் மாறி இருந்தது. சினியோராவுக்கு ஒன்று, ஸ்டெல்லாவுக்கு இரண்டு. ஆறோடு அந்த ஒன்றைச் சேர்த்தால் ஏழு, இந்தப் பக்கம் எட்டு. ஒரே ஒரு வாக்கால் பச்சை றோலர் ஸ்டெல்லாவுக்கு! றெஜினா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது முடித்ததும், தெருவுக்கு வந்து, அந்த ஒன்பதாவது துரோகி யார் என்று கேட்டாள். அருள்மேரியாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்தாள். அவளைத் தேடிப் போகவும் புறப்பட்டுவிட்டாள். ஸ்டெல்லா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அருள்மேரியைப் பேசாதேங்கோ, அக்கா. அது நான். என்ர பேர் கிடக்கிற பக்கத்தில நானே ஒண்டு போட வெக்கமாக் கிடந்தது. அதுதான் சினியோராவுக்கு ஒண்டைப் போட்டு, எனக்கு ரெண்டைப் போட்டனான்."

மாநாட்டு நாள்

இந்தச் செய்தியை றெஜினா சும்மா வைத்திருப்பாளா? மறுநாளே சினியோராவின் காதுக்குப் போய்விட்டது. மாநாட்டு நாளன்று பிற்பகல் அவர் தன் அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க என் கடைக்கு வந்து சேர்ந்தார். காலையிலிருந்து அம்மா சாப்பிட மறுக்கிறாராம். ஸ்டெல்லா சூப்பை எப்படிக் கொடுப்பாள் என்று உங்களுக்குத் தெரியுமா என்று என்னைக் கேட்டார். தெரியும். பாண் துண்டைப் பிய்த்துச் சூப்பில் ஊறவைத்து, கதை கொடுத்துக்கொண்டே ஊட்டுவாள். அம்மாவைக் கண்ணாடிக்கு முன்னால் விட்டு, தொலைபேசியைக் கண்ணாடியில் சாய்த்து வைத்தேன். மாநாடு நேரலையில் போய்க்கொண்டிருந்தது. சினியோரா கரண்டியைப் பிடித்தார்.

ஸ்டெல்லா மேடையில் ஏறினாள். பையிலிருந்து தன் ரசீதை எடுத்துக் காட்டினாள். "இதைக் காட்டி உங்களில் யாருக்காவது ஒரு வீடு வாடகைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டாள். மண்டபம் கைதட்டியது. நான் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். சினியோராவின் கரண்டி வழியிலேயே நின்றுவிட்டது. அம்மா மட்டும் அவசரமில்லாமல் மென்று விழுங்கி, திரையைக் காட்டி மகளிடம் கேட்டார்: "எங்கள் ஸ்டெல்லா எவ்வளவு நன்றாகப் பேசுகிறாள்! இவளுக்குத்தானே நீ வாக்குப் போட்டாய்?"

இத்தனை வருடத் தொழிலில் எத்தனையோ தலைகளை நான் பிடித்துக் குனிய வைத்திருக்கிறேன். நான் தொடாமலே என் கடையில் குனிந்த தலை சினியோரா அத்ரியானாவுடையது ஒன்றுதான்.