முப்பத்தேழு வாரம் பாஸ் ஆன கண்

எங்கள் தொழிற்சாலையில் துளசிராமன் சார் பார்த்து 'சரி' என்று சொன்ன சாமானை அதற்கப்புறம் கடவுளே வந்தாலும் சோதிக்க வேண்டியதில்லை. தரப் பரிசோதனையில் முப்பத்தொரு வருஷம் இருந்தார். நான் லேத்தில் கடைந்து கொடுத்ததில் எத்தனைக்குக் கழிவு என்று சிவப்புப் பெயிண்ட் அடித்தார் என்று மட்டும் கேட்காதீர்கள், வயிறு எரியும். "கிளமெண்ட், கண்ணால பாத்துட்டு சொல்றதெல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் இல்லப்பா. அளந்துட்டு சொல்லு" என்பார். சொல்லிவிட்டு இடது கண்ணை மூடிக்கொண்டு அளப்பார். அது பிறந்ததிலிருந்தே மங்கல். எங்கள் உழைப்பை எல்லாம் கழித்துக்கட்டியது அந்த ஒற்றை வலது கண்தான்.

ஓய்வு பெற்றபின் மைசூர் மைன்ஸ் பக்கம், என் வீட்டுக்கு எதிரிலேயே குடிவந்தார். பழைய சுரங்க மண்மேட்டிலிருந்து பறக்கும் தூசியிலும் உச்சி வெயிலிலும் கண்ணாடி போடாமல் ஸ்கூட்டரில் சுற்றினார். மூன்றாம் வருஷம் வலது கண்ணில் மூக்கோரம் சதை முளைத்துக் கருவிழி மேல் ஏறத் தொடங்கியது. பங்காருபேட்டை டாக்டர் பார்த்தார். "டெரிஜியம்னு பேரு. வெயிலும் தூசியும் படறவங்களுக்கு வரும். இப்ப ரெண்டு மில்லிமீட்டர் இருக்குது. மூணைத் தாண்டுச்சுன்னா உடனே வாங்க, எடுத்துடலாம். கண்ணு நடுவுல இருக்கற பாப்பா வரைக்கும் மட்டும் விட்டுடாதீங்க. உங்களுக்கு இருக்கறது ஒரு கண்ணு."

வேறு யாராக இருந்தாலும் மூன்று மாதம் கழித்து டாக்டரிடமே போய் நின்றிருப்பார்கள். சார் வீட்டுக்கு வந்து, மில்லிமீட்டரையும் பொடிப்பொடியாகப் பிரித்து அளக்கும் வெர்னியரை எடுத்தார்.

முகக்கண்ணாடி முன் நின்று, அதில் தெரிந்த கண்ணின் மேல், கண்ணாடியிலேயே வெர்னியரின் இரண்டு முனைகளையும் வைத்துச் சதையை அளந்தார். ஒன்று புள்ளி பூஜ்யம் இரண்டு. "டாக்டர் குத்துமதிப்பா சொல்லிட்டாரு, கிளமெண்ட். டபுளா சொல்றாரு" என்று என்னிடம் சிரித்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அளவு. கோடு போட்ட நோட்டில் தேதி, அளவு, அளந்த கருவி, முடிவு என்று நான்கு கட்டங்கள். வாராவாரம் முடிவு: பாஸ்.

அவர் மனைவி வள்ளியக்கா அடுப்பங்கரையிலிருந்தே சொல்வார்.

"ஏங்க, அது வளந்துகினே கீது. இங்கிருந்தே எனக்குத் தெரியுது."

"எத்தினி மில்லிமீட்டர்னு சொல்லு."

"மில்லிமீட்டரெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? போன மாசத்துக்கு இது பெருசு."

"இதான் வள்ளி, கண்ணால பாத்துட்டு சொல்றது."

முப்பத்தேழாவது ஞாயிறு இரண்டு புள்ளி ஒன்று வந்தது. இன்னும் முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கிறது என்று நிம்மதியாக இட்லி சாப்பிட்டார்.

அந்த வாரம் ஊரிகத்தில் ஒரு சமுதாயக் கூடத்துக்குப் பெங்களூரிலிருந்து நேத்ரா என்ற பெண் வந்திருந்தாள். இந்தச் சதை யாருக்கு வேகமாக வளரும் என்பதைப் போனில் எடுத்த படத்தை வைத்தே சொல்ல முடியுமா என்று ஆராய்ச்சி. வள்ளியக்கா சொல்லி, நான்தான் சாரை இழுத்துக்கொண்டு போனேன். அவர் நோட்டு, வெர்னியர், அதைச் சரிபார்க்கும் பத்து மில்லிமீட்டர் எஃகுக் கட்டை எல்லாவற்றோடும் வந்தார், வழக்காட வருகிறவர் மாதிரி.

"சார், ஸ்வல்ப, கொஞ்சம் மேல பாருங்க." போன் படம் பிடித்தது. "நாலு புள்ளி ரெண்டு, சார். பாப்பா ஓரத்தைத் தொட்டுடுச்சு."

சார் எழுந்தே விட்டார். "இந்தப் போன் சரியா அளக்குதுன்னு காலிபிரேஷன் சர்ட்டிபிகேட் இருக்குதாம்மா? என்னுது ரெண்டு புள்ளி ஒண்ணு. முப்பத்தேழு ரீடிங் கீது, பாரு."

அந்தப் பெண் சிரிக்கவில்லை. நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டாள். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் செய்து காட்டினார்.

"அதே மாதிரி, அந்தக் கட்டையைக் கன்னத்துல வெச்சு அளந்து காட்டறீங்களா, சார்?"

பத்து மில்லிமீட்டர் கட்டையைக் கண்ணுக்குக் கீழே அழுத்திப் பிடித்தார். கண்ணாடியில் வெர்னியரை வைத்தார். முனைகள் நகராமல் பூட்டினார். வெளிச்சத்தில் திருப்பிப் படித்தார். இன்னொரு தடவை அளந்து படித்தார்.

"அஞ்சு" என்றார்.

"கண்ணாடி மேல வெச்சு அளந்தா பாதிதான் வரும், சார். யார் அளந்தாலும் அப்படித்தான்."

எத்தனை வருஷமாக இந்த நாளுக்குக் காத்திருந்தேன்! வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அவர் உட்கார்ந்து, பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, முப்பத்தேழு வரிகளின் மேலும் ஒரே கோடாக இழுத்து, 'ரிஜெக்ட். தவறு பரிசோதகருடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நேத்ரா அந்த நோட்டையே கேட்டாள். இரண்டால் பெருக்கிக்கொண்டால் இப்படி வாராவாரம் எடுத்த வளர்ச்சிக் கணக்கு அவளுடைய ஆராய்ச்சியில் யாரிடமும் இல்லையாம். கழித்த சாமானையும் வேண்டுமென்று கேட்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

அடுத்த வாரமே பெங்களூரில் சதையை எடுத்து, அதே கண்ணின் மேல்பக்கத்திலிருந்து மெல்லிய சவ்வை வெட்டி அங்கே ஒட்டினார்கள். பார்வை தப்பித்தது. ஆனால் கருவிழியில் லேசாகத் தழும்பு நின்றுவிட்டது. மூன்றைத் தாண்டியதும் வந்திருந்தால் இந்த அளவுக்கு இருந்திருக்காது என்றார் அறுவை செய்தவர். இப்போது வெர்னியரின் கோடுகள் அவருக்கு ஒன்றோடொன்று ஒட்டித் தெரிகின்றன. சதை திரும்பவும் வளரலாம், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

போன ஞாயிறு நான் போனபோது சார் முகக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, அக்காவின் முன் முகத்தை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இன்னா வள்ளி, வளந்துகிதா?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, நிதானமாகப் பார்த்தார்.

"இல்ல."

சார் புது நோட்டை மூக்கருகே பிடித்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். அளவுக் கட்டம் காலி. அளந்த கருவி என்ற கட்டத்தில், வள்ளி.