செல்லக்காவையும் கோவிந்தண்ணனையும் ஜோடியாகப் படம் எடுத்த கதை

பட்டனை அமுக்கினால் 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். தூக்குப்போசியின் மூடி சிமென்ட் தரையில் விழுந்த மாதிரி. முதல் நாள் அந்தச் சத்தத்துக்கு லாட்ஜ் மதில்மேல் உட்கார்ந்திருந்த இரண்டு குரங்குகள் எழுந்து ஓடிவிட்டன. வாட்ச்மேன் தடியால் தட்டினாலும் நகராதவை அவை...

ஏற்காட்டில் ஒரு சின்ன லாட்ஜில் நான் ரிசப்ஷனில் இருந்த காலம். சேலத்தில் பழைய சாமான் கடை ஒன்றில் அந்தக் கேமராவைப் பார்த்தேன், மயங்கினேன், வாங்கிவிட்டேன். மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா. கனம் ஒரு செங்கல். ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். கழுவுவதற்குச் சென்னைக்குக் கூரியரில் அனுப்ப வேண்டும்.

கண்ணில் வைத்தும் பார்க்க முடியாது. வயிற்றோடு அணைத்துக்கொண்டு மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகத் தெரியும், வலது இடதாகத் தெரியும்.

ரோட்டோரம் அப்படிக் குனிந்து நின்றால், கொய்யா விற்கிற அம்மா கேட்பார்.

"ஏம்பாப்பா, உள்ள ஏதாச்சும் உழுந்துருச்சா?"

லாட்ஜில் சமையல் செல்லக்கா. தோட்டவேலை அவர் வீட்டுக்காரர் கோவிந்தண்ணன். இரண்டு பேரும் கிளியூரிலிருந்து ஒரே நேரத்துக்குக் கிளம்பி, பத்தடி இடைவெளி விட்டு நடந்து வருவார்கள். பேச்சு கிடையாது. மாட்டுக்கொட்டாய்க்குக் கட்டை வேண்டுமென்று அண்ணன் ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்டினார். அதில் அக்கா வருஷக்கணக்காக ஏற்றிவிட்டிருந்த மிளகுக்கொடியும் சேர்ந்து போய்விட்டது. அன்றைக்கு நின்ற பேச்சு. மூன்று வருஷம்.

நடுவில் நான்தான் தபால்காரி.

"கண்ணு, சமையக்கட்டுல சொல்லீரு. எனக்கு ரெண்டு இட்லி போதுமுன்னு."

"மூணு வெச்சாச்சுன்னு சொல்லு சாமி."

இருவரும் நிற்பது எட்டடி தூரத்தில்...

ஓசூரில் இருந்த அவர்கள் மகள், புது வீட்டில் மாட்ட அப்பா அம்மா ஜோடியாக ஒரு படம் வேண்டும் என்று போனில் கேட்டிருந்தாள். கல்யாணத்திலேகூட இவர்கள் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம் இல்லை. அக்கா என்னிடம் வந்து, "உம்பட பெட்டியில எடுத்துத் தர்றியா கண்ணு" என்றார். மேனேஜர், போனில் எடுத்தால் ஒரு நிமிஷ வேலைதானே என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தோட்டத்துப் பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்தேன். நடுவில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம். லைட் மீட்டரைப் பார்த்து முடிப்பதற்குள் மஞ்சு இறங்கி ஆளையே மறைத்தது. அது விலகும்வரை காத்திருந்தோம். மறுபடி மீட்டர். மறுபடி மஞ்சு.

ஒருவழியாக வெளிச்சம் வந்தது. குனிந்தபடியே கையைக் காட்டி, "அண்ணா, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்றேன். நகர்ந்தார். இடைவெளி கூடியது. "இன்னும் கொஞ்சம்" என்றேன். கூடிக்கொண்டே போனது. மூன்றாவது தடவை அண்ணன் பெஞ்சைத் தாண்டிப் புல்தரையில் உட்கார்ந்தார்.

செல்லக்கா திரும்பினார்.

"ஏனுங்க, அந்தப் புள்ளைக்குத்தான் பக்கந் தெரியலீன்னா உங்களுக்குமா தெரியாது? இங்க வந்து உக்காருங்க."

"சொன்னாத்தான தெரியும்" என்றார் அண்ணன், வேட்டியைத் தட்டிக்கொண்டு.

"மரத்த வெட்டறப்ப மட்டும் ஆரச் சொல்லச் சொன்னீங்க?"

தாங்கள் பேசிக்கொள்கிறோம் என்று இருவருக்கும் தெரியவே இல்லை. மூன்று வருஷத்து மிளகு, மாடு, மரம் எல்லாம் வெளியே வந்தது. நான் 'டொப்', 'டொப்' என்று பன்னிரண்டையும் எடுத்துத் தீர்த்தேன்.

அன்று மாலை இருவரும் ஒன்றாகவே நடந்து போனார்கள். சண்டை போட்டுக்கொண்டு.

பத்து நாள் கழித்து சென்னையிலிருந்து போன்.

"மேடம், ஃபிலிமைத் திருப்பி மாட்டியிருக்கீங்க. ஃபிலிமோட முதுகுல சுத்தியிருக்கிற கறுப்பு பேப்பரைத்தான் பன்னெண்டு தடவை எடுத்திருக்கீங்க."

இரண்டு நாள் சமையலறைப் பக்கமே நான் போகவில்லை. டீயும் பன்னும்தான் சாப்பாடு. மூன்றாம் நாள் போய் நின்று உண்மையைச் சொன்னேன். அண்ணனும் அங்கேதான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "ஒண்ணுகூடவா உழுகல?"

"ஒண்ணுகூட இல்லைக்கா."

"நல்லதாப் போச்சு உடு" என்றார் அண்ணன். "எல்லாத்துலயும் உனக்கு வாய் தொறந்துதான் இருந்திருக்கும்."

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி எப்போ உட்காரணும் என்று மட்டும் கேட்டார்.

அடுத்த ரோலை மாட்டுவதற்கு முன், சென்னையிலிருந்து திரும்பி வந்த பாழாய்ப்போன ரோலை அதன் கறுப்பு பேப்பரோடு சுற்றி வைத்து இருபது தடவை மாட்டிக் கழற்றிப் பழகினேன். இந்தத் தடவை பெஞ்சில் நடுவே இன்னொரு ஆளுக்கு இடம் இல்லை. பன்னிரண்டில் பதினொன்று ஏதோ ஒரு வகையில் சொதப்பல். ஒன்றில் மட்டும் எல்லாம் சரியாக விழுந்திருந்தது. அண்ணன் விறைப்பாகக் கேமராவைப் பார்க்கிறார். அக்கா அவர் பக்கம் திரும்பி என்னவோ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இப்போது நான் கோயம்புத்தூரில். போனில் காலை டிபனுக்குள் முப்பது படம் எடுத்துவிடுகிறேன். எதையும் திரும்பப் பார்ப்பதில்லை. அந்தப் படங்களுக்காக யாரையும் காக்க வைத்ததில்லை, யாரிடமும் போய்த் தலைகுனிந்து நின்றதும் இல்லை...

போன மாதம் அவர்கள் மகள் போன் செய்தாள். அப்பா அம்மா ஓசூரில் அவளோடுதான் இருக்கிறார்களாம். படத்துக்கு ஃபிரேம் மாற்றுகிறார்கள். அதில் அம்மா என்ன சொல்கிறார் என்று வீட்டில் பெரிய தகராறாம். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சட்டப் பித்தானப் போடுங்கன்னு சொன்னேன் கண்ணு."

"இல்ல கண்ணு, மிளகுக்கொடியப் பத்தித்தான் பேசுனா."

"உங்களுக்கு அன்னைக்கே காது கேக்காது."

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 'ஒட்டி உக்காருங்க, மானம் ஒண்ணும் போயிராது' என்று அக்கா மெதுவாகச் சொன்னார்.

மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். போனை வைக்கும்வரை அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள்.