நான்கு விரல்களும் ஒரு மிளகு மூட்டையும்

என் மனைவிக்குப் பக்கவாதம் லேசாகத்தான் வந்தது என்றார்கள். பேச்சும் காலும் பிழைத்துக்கொண்டன. இடது கையில் கட்டைவிரல் தவிர மற்ற நான்கு விரல்கள் மட்டும் சொன்னபடி கேட்கவில்லை. அந்தக் கையால் அவள் ஒரு நாளில் என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தாள் என்று எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்று வரை வந்து நிறுத்திக்கொண்டேன்.

நாமக்கல் ஆஸ்பத்திரியில் விரல் பயிற்சி கொடுத்த பெண் அவள் கையில் ஒரு மஞ்சள் பந்தைக் கொடுத்தாள். "ஒரு நாளைக்கு இருநூறு தடவையாச்சும் விரல அசைக்கணும்மா. இந்தக் கொஞ்ச மாசந்தான் முக்கியம். விட்டுட்டா விரல் அப்படியே நின்னு போயிரும்."

அன்று வீடு திரும்ப மலையேறும் பேருந்தில் முன் இருக்கையின் கம்பியை அவளால் பிடிக்க முடியவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் நான்தான் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன்.

பந்தை முதல் நாள் அறுபது தடவை அமுக்கினாள். மறுநாள் இருபத்தைந்து. நான்காம் நாள் அது கட்டிலுக்கு அடியில் உருண்டு போயிற்று, அவள் எடுக்கவில்லை. "நான் என்ன கைக்கொழந்தைங்களா, பந்து வெளையாட?" என்றாள்.

நான் நில அளவை அலுவலகத்தில் வரைவாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு, முகம் தெரியாத யார் யாரோ இணையத்தில் இலவசமாக எழுதி வைத்த பாடங்களைப் படித்து, பிரவுசரில் ஓடும் சின்னச் சின்ன விளையாட்டுகளைச் செய்யக் கற்றுக்கொண்டேன். அதுவரை ஆறு செய்திருந்தேன். ஆறையும் சேர்த்து விளையாடியவர்கள் மூன்று பேர், அதில் ஒருவன் நான். எல்லாமே ஐசோமெட்ரிக் எனப்படும் சாய்வுக் கோணத்தில் வரைந்தவை. வீட்டுக் கூரையின் மூலையில் உட்கார்ந்து பார்ப்பதுபோல் நிலத்தின் மேற்புறமும் பக்கங்களும் ஒன்றாகத் தெரியும். தரை முழுக்க வைரக் கட்டங்கள். ஒவ்வொன்றும் அறுபத்துநான்கு புள்ளி அகலம், முப்பத்திரண்டு புள்ளி உயரம். அலுவலகத்து மூலைமட்டம் முப்பது பாகை கொடுக்கும், திரையில் அதைவிடச் சற்றுக் குறைவு. அந்தக் குறை என்னை இரண்டு வாரம் அரித்தது.

அவள் விரலுக்காக ஏழாவதைத் தொடங்கினேன். மலைமேல் வளப்பூர் நாட்டில் அவள் பிறந்த வீட்டு நிலத்தை அப்படியே வரைந்தேன். ஒன்பது படிக்கட்டு வயல், வரப்போரம் சில்வர் ஓக் மரங்கள், மரங்களில் மிளகுக் கொடி, உச்சியில் வீடு. அடி வயலிலிருந்து ஒரு மூட்டை மிளகை வீடு சேர்க்க வேண்டும். படம் வரைவதில் சிக்கல் இல்லை. ஆளை எப்படி நடக்க வைப்பது என்பதில்தான் எல்லாமே மாட்டிக்கொண்டது.

முதலில், மவுசால் தொட்ட இடத்துக்கு ஆள் போவதுபோல் செய்தேன். அவளுக்கு ஒரு மணி நேரத்தில் பிடித்துவிட்டது. மூன்று நாள் மூட்டை மூட்டையாக ஏற்றினாள். எனக்கும் பெருமைதான். மூன்றாம் நாள் மாலையில்தான் பார்த்தேன், மவுஸ் வலது கையில் இருந்தது. இடது கை மடியில் கிடந்தது.

மவுசை எடுத்துவிட்டு, கீபோர்டில் இடது கைக்கு எட்டும்படி நான்கு விசைகள் வைத்தேன். திசைக்கு ஒன்று. சாய்வுக் கோணத்தில் நிலமே சாய்ந்து கிடக்கிறது, எனவே மேலே போகும் விசை எந்தப் பக்கம் போக வேண்டும்? திரையில் நேர் மேலேயா, கட்டத்தின் ஓரமாகச் சாய்ந்தா? இரண்டையும் செய்து கொடுத்து அவள் பின்னால் நின்று எண்ணினேன். முதல் முறையில் நாற்பது அடியில் இருபத்துமூன்று தப்பு. இரண்டாவதில் பத்தொன்பது. தப்பும்போதெல்லாம் ஆள் மரத்தில் முட்டி மிளகு சிந்தும்படி நான் வேறு வைத்திருந்தேன். சிந்திய மிளகைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை.

"பின்னால நின்னு எண்ணாதீங்க. வாத்தியார் மாதிரி மூச்சு விடறது கழுத்துல படுது" என்று லேப்டாப்பை மூடிவிட்டாள்.

ஐந்து நாள் அதைத் திறக்கவில்லை. பந்தும் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. நான் காலண்டரைப் பார்த்துப் பார்த்துப் பயந்தேன். மவுசைத் திருப்பிக் கொடுத்தால் விளையாடுவாள், விரல் போய்விடும். விசையோடு விட்டால் விளையாடவே மாட்டாள், அப்போதும் விரல் போய்விடும்.

ஆறாம் நாள் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டேன். "அதுல என்னதான் புள்ள கஷ்டம்?"

கிழங்கை இடது முழங்கையால் அணைத்துப் பிடித்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்க, மூட்டைய தலையில வெச்சுக்கிட்டு ஆராச்சும் வயலுக்குக் குறுக்கால நட்டமா ஏறுவாங்களா?"

"பின்ன?"

"வரப்பு மேலயே கோடி வரைக்கும் போவணும். அங்க ஒரு படி ஏறணும். அப்பறம் இந்தக் கோடிக்குத் திரும்பி வரணும். பஸ்ஸு எப்படி ஏறுது? நீங்க போட்ட வழியில போனா ஊடு சேர மாட்டாங்க, ஆஸ்பத்திரிக்குத்தான் சேருவாங்க."

"நான் நேராத்தான ஏறுறேன்."

"அதான் நாப்பது வருசமா பாக்கறனே, மேல வந்து நாய் மாதிரி எளைக்கறத. காரவள்ளிக்காரருக்கு யாரு சொல்லறது?"

நான் மலையடிவாரத்தில், காரவள்ளியில் பிறந்தவன். அவள் ஊர் நிலத்துக்குப் போகும்போதெல்லாம் தூரம் மிச்சம் என்று எண்ணி நேராக ஏறியிருக்கிறேன். அந்தக் கணக்கைத்தான் விளையாட்டிலும் வைத்திருந்தேன். தப்பு விசையில் இல்லை, வழியில்.

வரப்பு வழி நடந்தால் நான்கு திசையே தேவையில்லை என்று கிழங்கு வேகும் முன் புரிந்துவிட்டது. போவது, திரும்புவது, அவ்வளவுதான். சுண்டு விரலுக்கு ஏ, மோதிர விரலுக்கு எஸ், நடுவிரலுக்கு டி, ஆள்காட்டி விரலுக்கு எஃப். விரல்கள் வரிசையாக அமுக்கினால் விரலுக்கு ஓர் அடி. வரிசையைத் திருப்பினால் ஆளும் திரும்புவான். கோடிக்குப் போனால் தானாக ஒரு படி ஏறுவான். வரப்புக்குப் பன்னிரண்டு அடி, ஒன்பது வரப்பு, மூட்டைக்கு நூற்றெட்டு அடி. இரண்டு மூட்டை ஏற்றினால் இருநூறு தாண்டிவிடும். விரல் தப்பினால் ஆள் நிற்பான், மூட்டை லேசாக ஆடும். மிளகு சிந்தாது.

முதல் மூட்டைக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மோதிர விரல் வரவே இல்லை. வலது கையால் அதைத் தூக்கி விசைமேல் வைத்து, "நட சாமி" என்றாள். நான் பின்னால் நிற்கவில்லை. அடுப்படியிலிருந்து காதால் எண்ணினேன். எங்கள் லேப்டாப்பில் மோதிர விரலுக்கான எஸ் விசை கொஞ்சம் சத்தம் போடும். பத்தாம் நாள் அந்தச் சத்தம் தாமதிக்காமல் தன் முறைக்கு வந்தது. மின்சாரம் போனாலும் சிக்னல் போனாலும் நிற்காமல் ஓடிய அந்தப் பழைய லேப்டாப்புக்கு நான் கடன்பட்டவன்.

ஏழு வாரம் கழித்து நாமக்கல் போனோம். அந்தப் பெண் ஒவ்வொரு விரலாகத் தன் விரலால் எதிர்த்துத் தள்ளச் சொன்னாள். நான்கும் தள்ளின.

"நல்லா பந்து அமுக்கியிருக்கீங்கம்மா."

"பந்த கண்ணால பாத்தே ஒன்றர மாசமாச்சு. மொளகு மூட்டதான் சொமந்தேன்."

பயிற்சி கொடுத்த பெண் பதறிப்போய் என்னைப் பார்த்தாள். "இந்தக் கையோடயா சொமக்க விட்டீங்க சார்?" விளக்கிச் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆயிற்று. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது காரவள்ளி தாண்டி வண்டி ஏறத் தொடங்கியது. வழக்கம்போல வளைவுகளை எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. மணிக்கட்டைப் பிடிக்கக் கையை நீட்டினேன். அது அங்கே இல்லை. இடது கை முன் இருக்கையின் கம்பியில் இருந்தது, நான்கு விரல்களும் சுற்றி மடங்கி. வண்டி வலப்புறம் ஒடித்தது, அவள் சாயவில்லை. இடப்புறம் ஒடித்தது, அப்போதும் சாயவில்லை.

"இப்ப எத்தனாவது வளவுங்க?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. மோதிர விரலையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.