மாலையோடு சுவரில் தொங்கிய நான்

பெங்களூர் தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது அந்த வெளிநாட்டு வேலை ஆபீஸ். வேலை வாங்கித் தரக் கட்டணம் வாங்குவார்கள். விசா மறுக்கப்பட்டால் முழுப் பணமும் வாபஸ் என்பது அவர்களின் நிபந்தனை. என்ன தாராள மனசு என்று நானும் என் மனைவியும் பூரித்துப்போனோம். பீன்யா தொழிற்பேட்டையில் வெல்டராக இருந்த எனக்குப் போலந்தில் வேலை என்றார்கள். அவள் தாலிச் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினோம். அன்று முதல் அவள் கழுத்தில் மஞ்சள் கயிறுதான்.

ஆஃபர் லெட்டர் வந்தவர்களுக்கு மாலை போட்டுப் போட்டோ எடுப்பது அங்கே வழக்கம். எங்களுக்கும் எடுத்தார் முதலாளி. என் மனைவி எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். அதோடு விட்டாளா? போட்டோவை வாசலுக்கு நேராக, பெரிதாக மாட்டச் சொன்னாள். நானும் பல்லை இளித்துக்கொண்டு தலையாட்டினேன். வெட்டுவதற்கு முன் ஆட்டுக்கும் மாலைதான் போடுகிறார்கள். ஆடாவது இளிப்பதில்லை.

மாதங்கள் போயின, விசா வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவர்கள் விண்ணப்பமே போடவில்லை. பணத்தைக் கேட்கப் போனேன்.

"ரிஜெக்ட் ஆனாத்தான் சார் ரீஃபண்ட். உங்களுது ரிஜெக்ட் ஆகலயே" என்றார் முதலாளி.

"நீங்க அப்ளையே பண்ணலயே!"

"அதான் சார், ரிஜெக்டும் ஆகல. ஸ்வல்ப வெயிட் பண்ணுங்க."

போடாத மனுவை எந்தத் தூதரகம் மறுக்கும்? இந்த மூளையை நல்ல வழியில் செலவழித்திருந்தால் அந்த ஆள் நாட்டுக்கே சட்டம் எழுதியிருப்பான். அதற்குப் பிறகும் வெட்கமில்லாமல் ஷிப்டு முடிந்த கையோடு போய்ப் போய்க் காத்துக்கிடந்தேன். ஒவ்வொரு முறையும் டீ கொடுத்து அனுப்பினார்கள்.

ஒருநாள் அங்கே ஒரு இளம் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் கழுத்திலும் புது மஞ்சள் கயிறு. சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அண்ணா, போட்டோல இருக்கறது நீங்கதானே? லீவுக்கு வந்திருக்கீங்களா?"

என் இளிப்பை நம்பித்தான் அவள் பையைத் திறக்கப் போகிறாள்.

"லீவும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. பீன்யாவுல இருந்து வரேன். நான் போகவே இல்ல. கட்டின காசு கேட்டு நடையா நடக்கறேன்."

அவள் கணவன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

"பிசினஸ கெடுக்கறீங்களா?" என்று எழுந்தார் முதலாளி. நான் நாற்காலியில் ஏறிப் போட்டோவைக் கழற்றினேன். இதைத் திருப்பித் தரக்கூடாது என்று எந்த நிபந்தனையும் இல்லையே என்றேன். அந்த ஆபீஸிலிருந்து எனக்கு வாபஸ் கிடைத்தது அது ஒன்றுதான்.

வீட்டில் என் மனைவி அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஃப்ரேமின் பின்பக்க ஆணிகளை நெம்ப ஆரம்பித்தாள்.

"ஃப்ரேம் நல்லாத்தான் இருக்கு. நம்ம கல்யாணப் போட்டோவ இதுல போட்டுக்கலாம். அதுலயாவது சங்கிலி என் கழுத்துல இருக்கும்."